கத்தியோடு ஒரு பென்னி

இங்கிலாந்தில் ஒருவருக்குக் கத்தியைச் சும்மா பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துபோகும் என்று ஒரு பழைய நம்பிக்கை. அதற்கு ஒரு பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் ஒரு பென்னி கொடுத்துவிட வேண்டும். அப்போது அது பரிசில்லை, விலைக்கு வாங்கியது, நட்புக்குச் சேதமில்லை. பெறுபவர் கையில் சில்லறை இல்லாமல் போனால் என்ன செய்வது என்று கொடுப்பவரே பெட்டிக்குள் ஒரு பென்னியையும் போட்டுத் தருவதுண்டு. அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. ஊசியையும் கத்தியையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால்தான் எடுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இது தூரத்துச் சொந்தம்.

கத்தித் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்து நகரம் ஷெஃபீல்டு. அந்த ஊர் மடக்குக்கத்திகளைச் சேர்ப்பவர்களிடம் இந்தப் பென்னி வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேறு சில வழக்கங்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சம்பிரதாயம் போலத் தெரியும். கத்தியின் உள்வேலை தெரிந்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆணியோ ஸ்பிரிங்கோ இருப்பது புரியும்.

முதலில் எந்தக் கத்தி என்று சொல்லிவிடுவோம். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் வகை இல்லை. திறந்தபின் பூட்டிக்கொள்ளும் வகையும் இல்லை. அலகின் பக்கவாட்டில் இருக்கும் நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து இரண்டு கையால் திறக்க வேண்டும். முதுகில் இருக்கும் எஃகு வில் அழுத்திப் பிடிப்பதால் மட்டுமே அலகு நிற்கும். தமிழில் இதற்கு வில்லுக்கத்தி என்றே ஒரு பெயர் உண்டு. இதைவிடப் பொருத்தமான பெயர் ஆங்கிலத்திலும் இல்லை. பேனாக்கத்தி என்பது இன்னொரு பெயர்: இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்ன அலகு. இறகு போய் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த வில் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி. வில் இரண்டு இடத்தில் ஆணியடிக்கப்பட்டிருக்கும், கத்தியின் நடுவில் ஒன்று, பின் முனையில் ஒன்று. முன் முனை கட்டற்றது. அது அலகின் காம்பை, அதாவது பிடிக்குள் இருக்கும் அதன் அடிப்பகுதியை, மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். காம்பில் இரண்டு தட்டையான முகங்கள்: ஒன்று திறந்த நிலைக்கு, ஒன்று மூடிய நிலைக்கு. இரண்டுக்கும் இடையில் காம்பின் மூலை வில்லை மேலே தள்ளும். அப்போதுதான் வில் அதிகமாக வளைகிறது. சில கத்திகளில் நடுவிலும் ஒரு தட்டை முகம் வெட்டியிருப்பார்கள். அலகு பாதியில் ஒருமுறை நின்றுவிட்டு, பிறகு மேலே போகும். விரலுக்குப் பாதுகாப்பு. காம்பின் அடியில், கூர் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மேடு இருக்கும். மூடும்போது இந்த மேடுதான் வில்லின் மேல் போய் உட்கார வேண்டும், கூர் உட்காரக் கூடாது.

இந்த மேட்டில்தான் பெரும்பாலான பழைய கத்திகளுக்குக் கெட்ட காலம் ஆரம்பிக்கிறது. பல வருடம் ‘டக்’ என்று விட்டு மூடினால் மேடு நசுங்கும், அல்லது வில்லில் குழி விழும். அலகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். ஒருநாள் கூர் நேராக வில்லில் மோதும். கூரின் நடுவில் ஒரே இடத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்திருந்தால் காரணம் இதுதான். எவ்வளவு தீட்டினாலும் மறுநாள் அதே இடத்தில் அதே வெட்டு திரும்ப வரும். சோதிக்க எளிய வழி: மார்க்கர் பேனாவால் கூர் முழுக்க மை பூசி, அலகை ஒருமுறை தன் போக்கில் மூடவிட்டுத் திறந்து பாருங்கள். மை அழிந்த இடம் மோதும் இடம். தற்காலிக மருந்து, மெல்லிய தோல் துண்டு ஒன்றைப் பிடியின் பள்ளத்துக்குள், வில்லின் மேல், மோதும் இடத்தில் வைப்பது. நிரந்தர மருந்து, மூடும்போது கட்டைவிரலால் அலகைத் தாங்கி மெதுவாக இறக்கிவிடுவது.

அதனால்தான் அடுத்தவர் கத்தியை வாங்கிப் பார்க்கிறவர் அதை ‘டக்’கென்று மூடிச் சத்தம் கேட்பது மரியாதையில்லாத காரியம். உரிமையாளர் தானே செய்து காட்டினால் வேறு விஷயம். பலருக்கு அந்தச் சத்தம் சங்கீதம். உடைமையாளர் அனுமதித்தால் ஒருமுறை கேட்கலாம். பத்துமுறை கேட்டால் அடுத்த சந்திப்புக்குக் கத்தி வராது.

இதே வரிசையில் இன்னும் சில. கத்தியை மூடித்தான் நீட்ட வேண்டும், மூடித்தான் திருப்பித் தர வேண்டும். பாதி திறந்த நிலையில் மேசையில் வைக்கக் கூடாது. வில் அதிகமாக வளைந்திருக்கும் நிலை அதுதான். புகைப்படம் எடுப்பவர்கள் அழகுக்காகப் பாதி திறந்து வைத்து, ஒளியை மாற்றி மாற்றி அரை மணி நேரம் எடுப்பார்கள். எடுங்கள், ஆனால் இடையிடையே மூடுங்கள். இரண்டு அலகுள்ள கத்தியில் ஒரே நேரத்தில் இரண்டையும் பாதி தூக்கி வைப்பது இன்னும் மோசம். பல வடிவங்களில் இரண்டு அலகும் ஒரே வில்லின் இரு முனைகளில்தான் தொங்குகின்றன. அலகின் பளபளப்பில் விரல் வைக்கக் கூடாது. பழைய கார்பன் எஃகில் வியர்வைக் கைரேகை ஓரிரவில் துருவாகப் பதியும். வைத்துவிட்டால் துடைத்துக் கொடுங்கள். முன்கை மயிரைச் சிரைத்துக் கூர் பார்ப்பது, அதுவும் அடுத்தவர் கத்தியில், வேண்டவே வேண்டாம். ஒரு தாள் போதும்.

நகம் உடைக்கும் அளவுக்கு வில் விறைப்பான கத்திகளும் உண்டு. அப்படி ஒன்றை நீட்டும்போது முன்கூட்டியே சொல்லிவிடுவது பண்பு. குறடு வைத்து இழுக்காதீர்கள். மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்தால் பாதி விறைப்பு போகும். வில்லின் பலமாக இருக்காது அது, பெரும்பாலும் காய்ந்துபோன அழுக்கு.

ஒரு கத்தியைக் கையில் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்? முதலில் முதுகைப் பாருங்கள். மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் வில்லின் முதுகு, பிடியின் இரண்டு பக்க உலோகத் தகடுகளோடு சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால் செய்தவர் அவசரப்பட்டிருக்கிறார், அல்லது காம்பு தேய்ந்திருக்கிறது. பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ஆணி தளர்ந்திருக்கிறது. பிறகு அலகைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். பக்கவாட்டு ஆட்டம் மூட்டு ஆணியின் தளர்ச்சி. ஆணித்தலையைப் பட்டடையில் வைத்து, சின்னச் சுத்தியால் பூப்போலத் தட்டினால் இறுகும். போல்ஸ்டர், அதாவது பிடியின் முனையில் இருக்கும் உலோகக் கட்டு, இருக்கும் கத்தியில்தான் இதைச் செய்யலாம். போல்ஸ்டர் இல்லாமல் கொம்பு நேராக மூட்டு வரை வரும் கத்தியில் தட்டினால் ஆணி இறுகுவதற்கு முன் கொம்பு பிளக்கும். மேலும் கீழும் ஆடினால் தேய்ந்தது காம்பு. அதற்குச் சுத்தியில் மருந்து கிடையாது. லேசான ஆட்டத்தோடு நூறு வருடம் வாழ்ந்த கத்தி இன்னும் நூறு வருடம் வாழும், விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி.

இப்போது வடிவங்கள். பட்டியல் போட்டால் முடியாது. வார்ன்கிளிஃப், பார்லோ, ஸ்பியர், கொக்கி போல் வளைந்த தோட்டக் கத்தி, ஒட்டுக்கட்டும் கத்தி, மாலுமிகளின் கயிற்றுக் கத்தி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று ஷெஃபீல்டில் பிறந்திருக்கிறது. இங்கிலாந்துக் கத்திப் பிரியர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது அவற்றில் ஒன்றுதான்: லாம்ப்ஃபுட். ஆட்டுக்குட்டிக் கால் என்று பெயர். கூர் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராக ஓடும். முதுகும் பெரும்பாலும் நேராகவே வந்து, நுனிக்குச் சற்று முன்னால் சாய்ந்து கூரைத் தொடும். இதன் அண்ணன் ஷீப்ஃபுட்டில் முதுகு நுனியில் வட்டமாக வளைந்து இறங்கும். லாம்ப்ஃபுட்டில் அது சரிவு. பிடி இரண்டு வகை. ஒன்று நேர்ப்பிடி. மற்றது நடுவில் மெல்ல வளைந்தது. அதைப் பிடித்தால் விரல் கணுக்கள் பலகையில் இடிக்காமல் கூர் முழுதும் பலகையில் படியும். மூடினால் கத்தி ஏறக்குறைய 3¾ அங்குலம் இருக்கும், அலகு மூன்றுக்குக் கொஞ்சம் கீழே.

ஆடு மேய்ப்பவர்களும் விவசாயிகளும் ஏன் இதை விரும்பினார்கள் என்பது கையில் எடுத்தால் தெரியும். ஆட்டின் குளம்பு சீவும்போது ஆடு உதறும். கூரிய முனை முன்னால் நீண்டிருந்தால் ஆட்டின் காலிலோ மேய்ப்பவர் தொடையிலோ குத்தும். லாம்ப்ஃபுட்டின் முனை தாழ்ந்து, கூரோடு ஒரே கோட்டில் இருப்பதால் அந்தப் பயம் குறைவு. வயிறு, அதாவது வெளிப்புற வளைவு, இல்லாத நேர்க்கூர் என்பதால் தட்டையான எந்தக் கல்லிலும், வேலியோரத்தில் கிடந்த கல்லில்கூட, தீட்டிவிடலாம். இதில் மீன் தோலுரிக்க முடியாது, ரொட்டியில் வெண்ணெய் தடவ முடியாது. கயிறு அறுக்க, அட்டைப்பெட்டி பிரிக்க, பென்சில் சீவ, ஆப்பிளைக் கட்டைவிரலுக்கு நேராக இழுத்து நறுக்க, இதற்கு ஈடு இல்லை. ஒரு வருடம் முழுக்க வேறு கத்தி எடுக்காமல் ஒரே லாம்ப்ஃபுட்டைச் சட்டைப்பையில் வைத்துத் திரிவது என்று நண்பர்கள் சேர்ந்து தீர்மானம் போடுவதுண்டு. நாற்பது கத்தியைச் சுழற்சி முறையில் தூக்கித் திரிபவரைவிட அந்த ஒற்றைக் கத்திக்காரருக்குக் கத்தியைப் பற்றி அதிகம் தெரியும். டிசம்பரில் அந்த அலகுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே மாதத்தில் வாங்கிய ஒரே மாதிரிக் கத்திகள் என்று நம்பவே முடியாது. ஒன்று வெங்காயத்தில் கறுத்திருக்கும், ஒன்று ஆப்பிளில் நீலம் பூத்திருக்கும், ஒன்று தோட்டத்து மண்ணில் கோடு விழுந்திருக்கும்.

அந்தக் கறைதான் கார்பன் எஃகின் ஜாதகம். பழ அமிலம் பட்டு எஃகின் மேற்பரப்பு சாம்பலும் நீலமுமாக மாறும். அந்தப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கும். கடுகு விழுதும் வினிகரும் பூசி ஒரே மாலையில் கறை வரவழைப்பவர்கள் உண்டு. பாதுகாப்புக்குச் சரி, பார்க்க டை அடித்த மீசை மாதிரி இருக்கும். கறையையும் துருவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கறுப்பும் நீலமும் சாம்பலும் நிலையானவை. ஆரஞ்சு நிறத்தில், விரலில் ஒட்டும் பொடியாக இருப்பது உயிருள்ள துரு. அன்றே எடுத்துவிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரேர்லி 1913இல் கண்டதும் இதே ஷெஃபீல்டில்தான். இன்றும் இரண்டு எஃகிலும் கத்தி வருகிறது. அலுவலகப் பையில் கிடக்க ஸ்டெயின்லெஸ் போதும். கூட்டாளிகளோடு ஒப்பிட்டுப் பேச ஏதாவது வேண்டுமென்றால் கார்பன்.

பிடிக்கு வந்தால் நம் பக்கத்து வாசனை அடிக்கும். கறுப்புக் கொம்புப் பிடி என்றால் எருமைக் கொம்பு. ‘ஸ்டாக்’ என்று பெருமையாகச் சொல்லும் கரடுமுரடான பிடி, பெரும்பாலும் நம் கடமான் உதிர்த்த கொம்பு. கனமும், உள்ளே பஞ்சு போன்ற பகுதி குறைவான திண்மையும் உள்ள அந்தக் கொம்பு ஷெஃபீல்டுக்கு டன் கணக்கில் கப்பலேறியது. 1990களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியபின் கிடைப்பது அருகி, பழைய இருப்பில் வேலை நடக்கிறது. கருங்காலியும் ஈட்டி மரமும் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனவை. தந்தப்பிடி பழைய கத்திகளில் சாதாரணம்; ஆனால் பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தபின், சில விலக்குகளைத் தவிர, அதை விற்கவோ வாங்கவோ முடியாது. வைத்திருக்கலாம், பரிசாகக் கொடுக்கலாம். அங்கே அந்த ஒரு பென்னியைக்கூடக் கைமாற்றாமல் இருப்பது நல்லது.

கொம்பு உயிர்ப்பொருள். ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். சுருங்கும்போது ஆணி விட்டுக்கொடுக்காது, அதனால் ஆணியைச் சுற்றித்தான் விரிசல் விடும். ஹீட்டர் பக்கத்து இழுப்பறை, காரின் டேஷ்போர்டு, இரண்டும் கொம்புக்கு எமன். வெந்நீர் ஊற்றிக் கழுவினால் கொம்பு இளகி வளைந்து தகட்டை விட்டு எழும்பும். மாதம் ஒருமுறை ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் போதும். தேங்காயெண்ணெய்க்குக் கை நீளும், வேண்டாம். இங்கிலாந்துக் குளிரில் அது உறைந்து மூட்டை அடைக்கும். மற்ற சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பிசினாகும். கொம்பில் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தால் புழு. முடியும் தோலும் கொம்பும் தின்னும் வண்டின் புழு அது; மற்றக் கத்திகளை விட்டு உடனே தனியே எடுத்து வையுங்கள்.

கூட வைக்கவே கூடாத இன்னொன்று செல்லுலாயிடு பிடி. ஆமை ஓடு போலவும் முத்துச்சிப்பி போலவும் தெரிகிற பழைய பிளாஸ்டிக். வயதானால் அது தானே சிதையத் தொடங்கி அமில ஆவி விடும். பெட்டியைத் திறந்ததும் கற்பூரமும் காரமும் கலந்த வாடை வந்தால், அந்தக் கத்தியின் அலகு மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருக்கும் ஐந்து கத்தியின் அலகும் துருப்பிடித்திருக்கும். காற்றோட்டமான இடத்தில், தனியாக, நெருப்பிலிருந்து தள்ளி வையுங்கள். நண்பருக்குத் தபாலில் அனுப்பும்போது மற்ற நல்ல கத்தியோடு ஒரே பொட்டலத்தில் கட்டாதீர்கள்.

பழைய கத்தியின் வயது கண்டுபிடிப்பதுதான் கூட்டாளிகள் சேர்ந்து விடிய விடியப் பேசும் விஷயம். முதல் சாட்சி காம்பில் குத்திய முத்திரை. ஷெஃபீல்டில் முத்திரைக்கு ஒரு நீண்ட சட்ட மரபு உண்டு. 1624இல் பார்லிமெண்ட் சட்டத்தால் அமைந்த ஹாலம்ஷயர் கட்லர்கள் கம்பெனி, அதாவது அந்த வட்டாரக் கத்தித் தொழிலாளர் சங்கம், அதைக் கட்டிக் காத்தது. கத்தி செய்த நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை: ஜோசஃப் ராட்ஜர்ஸுக்கு நட்சத்திரமும் மால்டா சிலுவையும். வோஸ்டன்ஹோமுக்கு ஐ-எக்ஸ்-எல், சேர்த்து வாசித்தால் ‘நான் விஞ்சுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் ஒலிக்கும். டெய்லருக்கு ஒரு கண். மதிப்பு ஏற ஏறப் போலியும் பெருகியது, அதனால் முத்திரை மட்டும் போதாது.

கிரீடத்தின் இருபக்கமும் வி.ஆர். என்றிருந்தால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. ஜி.ஆர். என்றிருந்தால் அவசரப்படாதீர்கள்: 1830க்கு முந்தைய ஜார்ஜா, 1910க்குப் பிந்தைய ஜார்ஜா என்று கத்தியின் செய்நேர்த்தியைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் பிறந்த நாட்டின் பெயர் வேண்டும் என்று அந்நாட்டின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் கேட்டது. சொல் இல்லை என்பதால் அதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. உள்ளூருக்குச் செய்ததில் அந்தச் சொல் இல்லாமலும் இருக்கும். அகன்ற அம்புக்குறி தெரிந்தால் அது ராணுவச் சரக்கு.

துல்லியமாக வருடம் சொல்லக்கூடியது வெள்ளிப் பழக்கத்தி ஒன்றுதான். பழச்சாறு எஃகைக் கறையாக்கும், கறையான எஃகு பழத்துக்கு இரும்புச் சுவை ஏற்றும். ஆகவே அலகையே வெள்ளியில் செய்து முத்துச்சிப்பிப் பிடி போட்டார்கள். வெள்ளி என்பதால் ஷெஃபீல்டு அசே ஆபீஸின் சோதனை முத்திரை கட்டாயம். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளிக்கு. கிரீடம் ஷெஃபீல்டுக்கு, 1773இலிருந்து 1974 வரை, அதற்கப்புறம் ரோஜா. ஓர் எழுத்து வருடத்துக்கு. அரசரின் தலை இருந்தால் வரி கட்டியதற்கு அடையாளம், 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. பூதக்கண்ணாடியும் எழுத்து அட்டவணையும் இருந்தால் புதியவர்கூட ஐந்து நிமிடத்தில் வருடத்தைச் சொல்லிவிடலாம். சேர்க்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. முத்திரையைப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். வெள்ளி மென்மையானது, எழுத்து போய்விடும்.

அலகு மாற்றப்பட்டதா, எவ்வளவு தேய்ந்தது என்பது அடுத்த கேள்வி. மூடிய கத்தியை மேலிருந்து பாருங்கள். நகப்பள்ளம் பிடிக்கு வெளியே வசதியாகத் தெரிய வேண்டும். பாதி உள்ளே மறைந்தால் மேடு தேய்ந்திருக்கிறது அல்லது யாரோ அராவியிருக்கிறார்கள். நுனி பிடியை விட்டு வெளியே எட்டிப் பார்த்தால் மேட்டை ஒரே ஒரு அரம் இழுப்பு இழுத்து, மூடிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொன்று. இரண்டாவது இழுப்போடு நிறுத்துங்கள். மூன்றாவதில் கூர் வில்லில் மோத ஆரம்பிக்கும், எடுத்த எஃகை யாரும் திருப்பி ஒட்ட முடியாது. பெரிய அலகு ஈர்க்குச்சியாகத் தேய்ந்து, சின்ன அலகு முழுசாக இருந்தால் கவலை வேண்டாம், அப்படித்தான் உழைத்திருக்கும். நேர்மாறாக இருந்தால் கேள்வி கேளுங்கள். படம் பார்த்து வாங்குபவர் கேட்க வேண்டியது ஐந்து படம்: இரண்டு பக்கமும் திறந்தபடி, முதுகு, மூடியபடி மேலிருந்து, காம்பு முத்திரை. நண்பருக்கு நண்பர் விற்கும்போது குறையை முதல் வரியில் எழுதுவது இந்த வட்டத்தின் எழுதாத சட்டம். ‘லேசான ஆட்டம்’ என்று எழுதிவிட்டால் ஆட்டம் இருப்பது குறையே இல்லை.

சுத்தம் செய்வதில் பழைய கத்தியைக் கொன்றவர்கள் துருவைவிட அதிகம் பேர். மோட்டார் பஃப் சக்கரத்தில் வைத்தால் முத்திரை, விளிம்புகள், நூறு வருடத்துக் கறை மூன்றும் ஒரே நிமிடத்தில் போகும். மரக்குச்சியால் பள்ளத்து அழுக்கைக் கிளறி எடுங்கள். மூட்டில் மெல்லிய எண்ணெய் விட்டு, பத்துப் பதினைந்து முறை மெதுவாகத் திறந்து மூடினால் கறுப்புச் சேறு வெளியே வரும். துடையுங்கள், மறுபடி விடுங்கள். துணியில் எண்ணெய் நிறம் மாறாமல் வரும்வரை இதுதான் வேலை, சில கத்திக்கு மூன்று நாள். கடைசியில் ஒரே ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின். செந்துரு மட்டும் இருக்கும் இடத்தில், நான்கு சைபர் எண்ணுள்ள மிக மெல்லிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து லேசாக. பித்தளைத் தகட்டின் பச்சைக் களிம்பைப் பல்குச்சியால் எடுத்தால் போதும். அலமாரியில் தூங்கும் கத்திக்கு மட்டும் மெல்லிய மெழுகுப் பூச்சு. தோல் உறையில் போட்டு வருடக்கணக்கில் வைத்தால் களிம்பும் துருவும் சேர்ந்து வரும். உறை பகலில் பைக்கு. இரவில் கத்தி வெளியே.

தீட்டுவதில் லாம்ப்ஃபுட்டுக்கு இரண்டு பொறி உண்டு. ஒன்று நுனி. வயிறுள்ள கத்தியில் நுனிக்கு வரும்போது கையைத் தூக்கும் பழக்கம் விரலில் ஊறியிருக்கும். இதில் தூக்கினால் நேர்க்கூர் நுனியில் உருண்டு, ஒரு வருடத்தில் லாம்ப்ஃபுட் வேறு ஏதோ கால் ஆகிவிடும். கல்லை விட்டு அலகு விலகும் நொடி வரை கை மட்டம் மாறக் கூடாது. இன்னொன்று அடிப்பகுதி. பல ஷெஃபீல்டு அலகுகளில் கூர் முடியும் இடத்தில் இடைவெளிப் பள்ளம் கிடையாது. காம்பின் தடித்த பகுதி கல்லில் தட்டி, அதை ஒட்டிய ஒரு சின்ன இடத்தில் கல் படவே படாது. அதற்கு அடுத்த இடம் மட்டும் குழிந்துபோகும். கூரைப் பலகையில் நிறுத்தினால் நடுவில் வெளிச்சம் தெரியும், அந்த இடத்தில் நூல்கூட அறுபடாது. கல்லின் ஓரத்துக்கு அடிப்பகுதியைக் கொண்டுவந்து, காம்பு கல்லுக்கு வெளியே நிற்கும்படி தீட்டினால் தப்பலாம். முக்கோண அரத்தால் அந்த இடத்தில் சின்னப் பள்ளம் வெட்டிவிடுபவர்களும் உண்டு. புதுக் கத்தியில் வெட்டினால் புத்திசாலித்தனம். பழைய கத்தியில் வெட்டினால் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள்.

தொழிற்சாலைக் கூர் பெரும்பாலும் தடித்திருக்கும். 1000 எண் கல்லில் பக்கத்துக்குச் சுமார் 15 முதல் 18 பாகை வைத்து, மறுபக்கம் பிசிர் விரலுக்குத் தட்டும்வரை. பிறகு மறுபக்கம் அதேபோல். பிறகு 3000 கல்லில் அழுத்தமே இல்லாமல் மாறி மாறி. கடைசியில் தோல்வாரில், முதுகு முன்னே போகக் கூர் பின்னே வரும்படி, பத்துப் பத்து. இதற்குமேல் நுணுக்கம் வேண்டியதில்லை. கம்பி மாதிரிப் பிசிர் நிற்கும்போதே கூர் வந்துவிட்டது என்று நினைத்து நிறுத்துவதுதான் புதியவர் தவறு. முதல் கயிறோடு அந்தக் கூர் மடங்கிப் போகும்.

எடுத்துத் திரிவதைப் பற்றி. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு சொல்வது: பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம் என்றால் அது மடக்குக்கத்தியாக இருக்க வேண்டும், கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு, மேல் போகக் கூடாது. திறந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்தச் சலுகைக்குள் வராது என்று 1990களில் நீதிமன்றங்கள் தீர்த்துவிட்டன. லாம்ப்ஃபுட்டும் பார்லோவும் இந்த அளவுக்குள் இயல்பாக அடங்குகின்றன, சட்டம் வருவதற்கு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே. சட்டைப்பையில் இருப்பது குற்றமில்லை என்பதால் சண்டையில் எடுக்கலாம் என்று பொருளில்லை; மிரட்டும் எண்ணத்தோடு எடுத்தால் காய்கறிக் கத்தியும் ஆயுதம்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே கத்தி விற்கக் கூடாது; 3 அங்குலத்துக்கு மேல் போகாத மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்கு. இன்னொரு நடைமுறை: இந்தச் சலுகை எதுவும் விமான நிலையச் சோதனை வரிசையிலோ நீதிமன்ற வாசலிலோ உங்களைக் காப்பாற்றாது. அங்கே போகும் நாளில் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கிளம்புவது இந்த வட்டத்தில் எல்லோருக்கும் உள்ள வியாதி.

சாவிக்கொத்தும் சில்லறையும் ஒரு பையில், கத்தி மறுபையில். பைத்தூசு வாரத்துக்கு ஒருமுறை பள்ளத்துக்குள் உருண்டையாகத் திரளும்; ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான், வில்லின் உள்பக்கத் துரு அங்கேதான் தொடங்குகிறது.

ஷெஃபீல்டில் இன்றும் கத்தி செய்கிறார்கள். ஏ. ரைட் அண்ட் சன் மாதிரிச் சில பட்டறைகளும், ‘லிட்டில் மெஸ்டர்’ என்று அந்த ஊர் பேச்சில் சொல்லப்படும் தனிக் கைவினைஞர் ஒரு சிலரும் மிச்சம். ஸ்டான் ஷா பதினான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்து, தொண்ணூறு தாண்டியும் பெஞ்சை விடவில்லை, 2021இல் மறைந்தார். காட்சிக்கென்று செய்த பூதங்களையும் பார்க்கலாம்: கட்லர்கள் கம்பெனியின் கட்லர்ஸ் ஹாலில் 1851ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சிக்காக ராட்ஜர்ஸ் செய்த, 75 அலகுகள் கொண்ட நார்ஃபோக் கத்தி. எதையும் வெட்டாது, எவர் பையிலும் நுழையாது. கெல்ஹம் ஐலண்டு மியூசியத்தில் இருக்கும் ஹாலி சேகரிப்பு அதைவிடப் பார்க்க வேண்டியது. கென் ஹாலி என்ற கருவி வியாபாரி, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடியபோது கத்திகளை மட்டும் சேர்க்கவில்லை. அவற்றைச் செய்த அரம், அச்சு, பாதி முடிந்த அலகு, விலைப்பட்டியல் எல்லாவற்றையும் அள்ளி வந்தார். ஒரு வில் எத்தனை கை மாறி வில்லாகிறது என்பதை அந்தப் பாதி முடிந்த துண்டுகள்தான் சொல்லும்.

நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு பட்டறையில் ஒரே வடிவத்தை மொத்தமாகச் செய்யச் சொல்வது உண்டு. இது பெரும்பாலும் எங்கே கெடுகிறது தெரியுமா? கேட்பதில். ‘நல்லா செஞ்சு கொடுங்க’ என்று எழுதினால் வழக்கமானதுதான் வரும். எழுத வேண்டியவை: அலகு வடிவம், எஃகு, பிடிப் பொருள், போல்ஸ்டர் உண்டா, தகடு பித்தளையா ஜெர்மன் சில்வரா, முதுகும் தகடும் சமமாக வேண்டும், கூர் மெல்லியதாக வேண்டும், நுனி உள்ளே அடங்க வேண்டும். இத்தனை எழுதியும் இருபது கத்தியும் இருபது மாதிரிதான் வரும். கையால் அராவி, கையால் ஆணியடித்தது. ஒன்றில் கொம்பில் வெள்ளைக் கோடு ஓடும், ஒன்றில் வில் விறைக்கும். பிரித்துக் கொடுப்பவர் நல்லதைத் தனக்கு எடுத்துக்கொண்டார் என்ற பேச்சு வராமலிருக்கச் சீட்டுக் குலுக்கிப் போடுவது நல்லது. நகம் பலவீனமானவரும் விறைத்த வில் கிடைத்தவரும் பிறகு தமக்குள் மாற்றிக்கொள்ளட்டும்.

கத்தி கை மாறும்போது கூடவே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: எங்கே கிடைத்தது, மூட்டு ஆணி இறுக்கப்பட்டதா, மேடு அராவப்பட்டதா, என்ன எண்ணெய். அடுத்தவர் அதே மேட்டை இன்னொரு இழுப்பு இழுத்துவிடாமல் அது காப்பாற்றும். பென்னியையும் போடுங்கள். பழைய கத்திக்கு 1971க்கு முந்தைய பெரிய வெண்கலப் பென்னி அழகு. 1992க்குப் பிந்தையது செம்புப் பூச்சுப் போட்ட எஃகு, காந்தம் பிடிக்கும். எதுவானாலும் டேப்பால் பிடிமேல் ஒட்டாதீர்கள். பசை கொம்பின் மெருகை உரித்துக்கொண்டு வரும், ஈரம் பட்டால் நாணயத்தின் பச்சை போல்ஸ்டரில் இறங்கும். தனி உறையில்.